புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டரில் பிராசசர் 100 டிகிரியைத் தொடுவது ஏன்?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே தொல்லையில் இருப்பவர்களுக்கும் உதவும். மதுரையில் வீட்டிலேயே பாகங்களை வாங்கிப் பூட்டியிருக்கிறீர்கள். கோர் ஐ5 12400எஃப் பிராசசர், அதன் பெட்டியோடு வந்த இன்டெல் கூலர், பி660 மதர்போர்டு, முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட். ஒன்றும் ஓடாதபோதே 58 டிகிரி. கேம் திறந்தால் 95க்கு மேல். பிராசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 ஓட்டினால் மூன்றே நொடியில் 100. வேகம் 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3க்கு இறங்குகிறது, பவர் 72 வாட்டில் தொடங்கி 45 வாட்டுக்கு விழுகிறது. கடைக்காரர் 'லிக்விட் கூலர் (தண்ணீரைச் சுற்றவிட்டுக் குளிர்விப்பது) போட்டால் சரியாகிவிடும்' என்கிறார். வீட்டில் 'புதுசு வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லையே' என்கிறார்கள்.

லிக்விட் கூலர் இப்போது வாங்காதீர்கள். பிராசசரும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் கொடுத்த எண்களைப் பார்த்தால், கூலரை மதர்போர்டில் பூட்டும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்றாவது சரியாக உட்காரவில்லை என்றுதான் தோன்றுகிறது. அப்படி நினைப்பதற்கான காரணத்தையும் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் அடுத்த முறை யாரையும் கேட்காமல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பயத்தை விடுங்கள். இந்தப் பிராசசருக்கு இன்டெல் வைத்திருக்கும் உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் எரிந்துபோகாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு 4 கிகாஹெர்ட்ஸ் 3 ஆனது அதனால்தான். அதையும் மீறிச் சூடு ஏறினால் மெஷின் பட்டென்று அணைந்துவிடும். அதற்காக இப்படியே மாதக்கணக்கில் ஓட்டலாம் என்று சொல்லவில்லை. நேற்று இரண்டு மணி நேரம் கேம் ஆடியதால் ஏதாவது ஆகியிருக்குமோ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

சூட்டைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் டிகிரியை மட்டும் சொல்கிறார்கள். டிகிரி ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எத்தனை வாட் ஓடியது, எத்தனை நொடியில் அந்த டிகிரிக்கு வந்தது, இந்த இரண்டும் தெரிந்தால்தான் நோய் எது என்று பிடிபடும். நீங்கள் இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறது.

சூடு போகும் வழியை யோசித்துப் பாருங்கள். பிராசசரின் சிலிக்கானில் பிறக்கும் சூடு அதன் உலோக மூடிக்கு வருகிறது. அங்கிருந்து, மூடிக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட் வழியாகக் கூலரின் அடிப்பாகத்துக்கு, பிறகு அலுமினியத் தகடுகளுக்கு, அங்கிருந்து கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு, கடைசியில் உங்கள் அறைக்கு. இந்த வரிசையில் எங்கே அடைப்பு இருக்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி சூடு ஏறும் வேகம் மாறும். கூலர் என்பது கால் கிலோ, அரைக் கிலோ உலோகம். அது சூடாக நேரம் பிடிக்கும். கூலர் ஒழுங்காக ஒட்டியிருந்தால், வேலை தொடங்கியதும் ஒரு 20, 25 டிகிரி சட்டென்று ஏறும், பிறகு சில நிமிடங்களில் மெதுவாக மேலே போய் ஓர் இடத்தில் நிற்கும். கேபினெட்டிலோ அறையிலோ காற்று போதவில்லை என்றால் அது நிற்காமல் பத்து, பதினைந்து நிமிடம் ஊர்ந்துகொண்டே போகும். உங்களுடையது மூன்று நொடியில் 100. அத்தனை சின்ன நேரத்தில் கூலருக்குச் சூடு தெரிந்தே இருக்காது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவிலேயே வழி அடைபட்டிருக்கிறது.

வாட்டையும் பாருங்கள். 12400எஃப் அத்தனை கோர்களும் ஓடும்போது சுமார் 70 வாட் இழுக்கும். பெட்டியோடு வரும் கூலர் அதைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. உங்கள் மெஷின் 45 வாட்டுக்கு இறங்கிய பிறகும் 100லேயே நிற்கிறது. 45 வாட்டையே வெளியேற்ற முடியாத கூலர் சின்னக் கூலர் அல்ல, சரியாக ஒட்டாத கூலர்.

இதைக் கழற்றாமலே உறுதி செய்துகொள்ளலாம். கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்து, சினிபெஞ்சை ஓட்டிவிட்டு, திரை 100 காட்டும்போது கூலரின் அலுமினியத் தகடுகளை வெளி ஓரத்தில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஃபேன் இறக்கைக்குள் விரல் போகாமல் கவனம். உள்ளே 100 டிகிரி, வெளியே அலுமினியம் லேசான வெதுவெதுப்பு என்றால் கூலருக்குச் சூடு போய்ச் சேரவே இல்லை. அலுமினியமும் கையை வைக்க முடியாதபடி கொதித்தால் பேஸ்ட் தன் வேலையைச் செய்கிறது, காற்றுதான் குறை. காசு செலவில்லாத சோதனை, நான் எப்போதும் முதலில் செய்வதும் இதுதான்.

இனி பின்களுக்கு வருவோம். இந்தக் கூலருக்குத் திருகு கிடையாது. நான்கு மூலையிலும் அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் பின். வீட்டில் முதன்முதலாகப் பூட்டுபவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். என் முதல் கம்ப்யூட்டரில் மூன்று பின் பூட்டி, நான்காவது பூட்டியது போலவே தெரிந்தது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அமைப்புத் திரை) மாற்றங்கள் செய்தேன், விண்டோஸ் மறுபடி போட்டேன், கூடுதல் ஃபேன் வாங்கினேன். மூன்று நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு மூலை நகம் உள்ளே போகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. அதை அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம், 30 டிகிரி குறைந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

கரண்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பின்பக்கக் கதவைக் கழற்றுங்கள், கேபிள்கள் ஓடும் பக்கம். மதர்போர்டு பொருத்திய தகட்டில் பிராசசருக்கு நேர் பின்னால் ஒரு பெரிய ஓட்டை வெட்டியிருப்பார்கள். அதன் வழியே நான்கு பின்களின் வால்களும் தெரியும். ஒவ்வொன்றிலும் பிளந்த பிளாஸ்டிக் கால் போர்டுக்கு வெளியே வந்து, நடுவில் ஒரு குச்சி இறங்கி அந்தக் காலை விரித்துப் பிடித்திருக்க வேண்டும். நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குட்டையாகவோ, குச்சி இல்லாமலோ, கால் மடங்கியோ இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

வெளியே வராத பின்னை அப்படியே மேலிருந்து அழுத்திச் சரிசெய்யலாமா என்று கேட்பீர்கள். சில நேரம் ஆகும். ஆனால் கேபினெட்டுக்குள் செங்குத்தாக நிற்கும் போர்டின் மேல் அவ்வளவு பலத்தைக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. ஒரு மணி நேரம் போனாலும் பரவாயில்லை என்று போர்டை வெளியே எடுங்கள். கூலர் ஒருமுறை தூக்கிக்கொண்டால் அதோடு ஒட்டி வந்த சாம்பல் நிறப் பேஸ்ட்டும் வீணாகிவிடும். அதைத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும். அதனால் தொடங்குவதற்கு முன்பே ஒரு சின்ன டியூப் பேஸ்ட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது ஒவ்வொரு பின்னின் தலையையும் அதில் பொறித்திருக்கும் அம்புக்குறியின் திசையில் திருப்பி மேலே இழுக்க வேண்டும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அந்த அம்பு கழற்றுவதற்கான திசை, பூட்டுவதற்கானது அல்ல. மாட்டும் முன் நான்கு தலைகளையும் அம்புக்கு எதிர்ப்பக்கமாகக் கடைசி வரை திருப்பி வைத்துவிட வேண்டும். அம்பின் பக்கமே திரும்பிய நிலையில் அழுத்தினால் உள்ளே போனது போல இருக்கும், பூட்டாது.

கழற்றியதும் துடைத்துவிட அவசரப்படாதீர்கள். பேஸ்ட் எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மெல்லியதாக நசுங்கி, எதிர்ப் பக்கம் தடிமனாகப் போட்டது போட்டபடி இருந்தால் அந்தப் பக்கம்தான் தூக்கியிருந்தது. முழுவதும் ஒரே சீராக மெல்லிய படலமாக இருந்தால் நான் சொன்னது தவறு, அப்போது கீழே சொல்லப்போகும் மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்த பிறகு பேஸ்ட். எத்தனை வேண்டும் என்று பெரிய சண்டையே நடக்கும், அதில் இறங்க வேண்டாம். இந்தத் தலைமுறைப் பிராசசர் 37.5க்கு 45 மில்லிமீட்டர், சதுரமில்லாமல் நீளவாக்கில் இருக்கும். அதனால் நடுவில் ஒற்றைப் பொட்டு வைப்பதைவிட நீள வாக்கில் ஒரு மெல்லிய கோடு இழுப்பது நல்லது. கொஞ்சம் கூடிப்போனால் ஓரத்தில் பிதுங்கும், அவ்வளவுதான். குறைந்தால்தான் தொல்லை.

போர்டை மேசைமேல் தட்டையாக வைத்து அழுத்தாதீர்கள், பின் கீழே இறங்க இடமிருக்காது. பெட்டியோடு வந்த ஃபோமை அடியில் வையுங்கள். கூலரை நேராக இறக்கி, எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு பின்களை இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். சத்தம் கேட்க வேண்டும். பிறகு மற்ற இரண்டு. அடுத்தடுத்த மூலைகளை அழுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும். போர்டு லேசாக வளைவது போலத் தெரியும், பயமாகத்தான் இருக்கும், ஆனால் அவ்வளவு பலம் தேவைதான். முடித்ததும் திருப்பிப் பிடித்து நான்கு வால்களையும் மறுபடி பாருங்கள். கூலரை லேசாக அசைத்தால் போர்டும் சேர்ந்து அசைய வேண்டும், கூலர் மட்டும் ஆடக்கூடாது. அப்புறம் ஃபேன் வயரை 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில் மாட்டுங்கள்.

தனியாக வாங்கிய டவர் கூலர் (கோபுரம் போல உயரமாக நிற்பது) வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் இரண்டு விஷயம். கூலரின் அடியில் பாதுகாப்புக்கு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். அனுபவசாலிகளும் மறக்கும் காரியம் அது. இரண்டாவது, பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த கூலரை இந்தத் தலைமுறை போர்டில் மாட்டுவது. முந்தைய இன்டெல் போர்டுகளில் கூலர் ஓட்டைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தன, உங்கள் 12400எஃப் சேர்ந்த 12ஆம் தலைமுறையில் அது 78 ஆனது. பிராசசரின் உயரமும் குறைந்தது. சில போர்டுகளில் இரண்டு அளவுக்கும் ஓட்டை இருக்கும், பழைய கூலர் மாட்டிக்கொள்ளும், ஆனால் போதுமான அழுத்தம் விழாது. அந்தக் கூலரின் கம்பெனி தரும் புதிய பிராக்கெட்டைத் தேடி வாங்குங்கள்.

சரி, பின்னைச் சரிசெய்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை டிகிரி வந்தால் திருப்தி அடையலாம்? இங்கேதான் மதுரை முக்கியம். கூலர் எதுவானாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை வைக்க முடியாது. அறையின் மேல் எத்தனை டிகிரி கூடுகிறது என்பதுதான் கூலரின் கணக்கு. இந்தப் பிராசசரும் இந்தக் கூலரும் முழு வேலையில் அறையைவிட 40 முதல் 50 டிகிரி கூடுதலாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மே மாதம் உங்கள் அறை 36 டிகிரி என்றால் 76 முதல் 86 வரை வரலாம், அது ஆரோக்கியம். ஏசி போட்டு 22 டிகிரியில் வைத்து வீடியோ எடுத்தவருக்கு 65 வந்ததைப் பார்த்துவிட்டு உங்கள் 80ஐ நினைத்து வருந்த வேண்டாம். இருவரின் கூலரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இனிமேல் எண் எழுதும்போது அறை வெப்பத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

சும்மா இருக்கும்போது 58 என்பதில் பாதிக்கு மேல் அந்தப் பின்தான். ஆனால் புதிதாக விண்டோஸ் போட்ட முதல் இரண்டு மூன்று நாள் அப்டேட், டிரைவர், ஃபைல்களை அட்டவணை போடுவது என்று பின்னால் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பயன்பாடு 2, 3 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு பார்க்கும் டிகிரிதான் உண்மையான ஓய்வு டிகிரி. பயாஸ் திரையில் தெரியும் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், அங்கே பிராசசர் தூங்கும் நிலைக்குப் போகாது, விண்டோஸில் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

அடுத்து கேபினெட். முன்பக்கம் முழுக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக மூன்று ஃபேன், பார்க்க அழகு. ஆனால் அந்த ஃபேன்கள் ஓரத்தில் இருக்கும் விரல் அகலச் சந்து வழியேதான் மூச்சு விட வேண்டும். பக்கக் கதவை மூடி அரை மணி நேரம் கேம் ஆடி டிகிரியைக் குறியுங்கள். கதவைத் திறந்து வைத்து அதையே செய்யுங்கள். வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரி என்றால் விட்டுவிடலாம். பத்துக்குப் பக்கம் என்றால் கேபினெட் மூச்சுத் திணறுகிறது. அப்போது ஃபேன்களின் திசையைப் பாருங்கள். சாதாரண ஃபேனில் இறக்கையைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகக் காற்று வெளியேறும். கலர் ஃபேன்களில் மாற்றிச் செய்ததும் உண்டு, அதனால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது. முன்னால் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே. மூன்று ஃபேனும் முன்னால் இருந்து வெளியே ஊதிக்கொண்டிருந்த கேபினெட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் ஒரு ஃபேனாவது கட்டாயம் இருக்கட்டும்.

கேபினெட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர் மேசையில் கீழே சிபியு வைக்க என்றே மூன்று பக்கமும் பலகை அடைத்த ஓர் அறை இருக்கும். சிலவற்றில் முன்னால் கதவு வேறு. அந்தப் பெட்டிக்குள் கேபினெட் தான் ஊதிய வெப்பக் காற்றையே திரும்பக் குடிக்கும். எவ்வளவு நல்ல கூலரானாலும் அரை மணி நேரத்தில் தோற்றுவிடும். அங்கே இருந்தால் இன்றே வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

பயாஸில் உள்ள பவர் வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது பெரிய விஷயமில்லை, 12400எஃப் எப்படியும் 70 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். ஆனால் ஐ7 13700 போன்றது வாங்கியவர்களுக்கு அதுதான் முதல் சந்தேகம். அட்டைப்பெட்டியில் 65 வாட் என்று இருக்கும், உச்சத்தில் 219 வாட் வரை போக இன்டெல்லே அனுமதிக்கிறது. சில மதர்போர்டுகள் அந்த வரம்பையும் எடுத்துவிடுகின்றன. எம்எஸ்ஐ போர்டில் எந்தக் கூலர் என்று பயாஸ் கேட்கும். வாட்டர் கூலர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வரம்பு 4096 வாட், அதாவது வரம்பே கிடையாது. பெட்டிக் கூலரை வைத்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுத்தால் 100 டிகிரி வராமல் என்ன செய்யும்? அங்கே கூலர் நன்றாகவே ஒட்டியிருக்கும், வாட் மட்டும் 150, 200 என்று காட்டும். நீண்ட நேர வரம்பை 65 அல்லது 90 வாட்டுக்கு இறக்கினால் கேமில் வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. 13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பிக்காமல் இருக்கக் கூடாது. அவற்றில் வோல்டேஜ் கூடிப்போய்ப் பிராசசர் தேய்ந்த பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டிலிருந்து இன்டெல் திருத்தம் கொடுத்திருக்கிறது. உங்கள் 12ஆம் தலைமுறைக்கு அந்தக் கவலை இல்லை.

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசர் வைத்திருக்கும் நண்பர் யாராவது 'எனக்கும் 95 காட்டுகிறதே' என்றால் இதே மருந்தைச் சொல்லிவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் வந்த 7000 வரிசையை, முழு வேலை கொடுத்தால் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று, முடிந்தவரை வேகமாக ஓடும்படிதான் ஏஎம்டி வடிவமைத்தது. 7600எக்ஸ் 142 வாட் வரை இழுக்கும், பெரிய கூலர் போட்டாலும் சில வேலைகளில் 90ஐத் தாண்டும். அது பிடிக்கவில்லை என்றால் பயாஸில் மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோடில் 65 வாட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும், 65 என்பது பெயரளவுதான், உண்மையில் 88 வாட்டுக்குள் அடங்கிவிடும், டிகிரியும் நன்றாக இறங்கும்.

கடைக்காரர் சொன்ன லிக்விட் கூலருக்கு ஒரு வார்த்தை. என் சொந்தக்காரப் பையனுக்கு ஒரு கடையில் அதைப் பூட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் பயாஸிலேயே 90. ரேடியேட்டர் ஃபேன் மூன்றும் ஜோராகச் சுற்றுகின்றன, தண்ணீரைத் தள்ளும் பம்பின் வயர் மட்டும் எங்கும் மாட்டப்படவில்லை. இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம், இரண்டும் சில்லென்று இருந்தன. அந்தக் கூலரிலும் திருகு, பேஸ்ட், வயர் என்று தவறு நடக்க இடம் கூடுதலாகவே உண்டு. 70 வாட் பிராசசருக்கு அது தேவையே இல்லை. சத்தம் குறைய வேண்டும் என்று தோன்றினால் பின்னாளில் திருகில் பூட்டும் ஒரு சாதாரண டவர் கூலர் வாங்குங்கள், போதும்.

இத்தனையும் செய்து, பேஸ்ட் சீராகப் பரவியிருந்து, நான்கு பின்னும் பூட்டி, கதவைத் திறந்து வைத்தும் மூன்று நொடியில் 100 வருகிறது என்றால் மட்டும் பிராசசரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் கூலரின் அடிப்பாகத்தில் ஒரு நேரான ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, மேடு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாரன்டிக்குப் போகலாம்.

பின்னைப் பூட்டியதும் அதே சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டி, அறை வெப்பம், வாட், டிகிரி மூன்றையும் எழுதுங்கள். கழற்றியபோது எடுத்த பேஸ்ட் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.